200 மீட்டர் மைக் ஐந்து மீட்டரில் கட் ஆவது ஏன்?

கம்பியில்லாத காலர் மைக்கின் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும். ரோட் வயர்லெஸ் கோ 2 என்றால் 200 மீட்டர், டிஜேஐ மைக் 2 என்றால் 250 மீட்டர். நம்மில் பெரும்பாலோர் போனில் பேட்டி எடுப்பதும் பாடம் பதிவு செய்வதும் நாலைந்து மீட்டருக்குள்தான். அப்படியிருந்தும் எடிட்டிங்கில் உட்கார்ந்து கேட்டால் வாக்கியத்தின் நடுவில் இரண்டு சொல் காணாமல் போயிருக்கும். உதடு அசையும், குரல் வராது. உடனே "டூப்ளிகேட் பீஸைத் தலையில் கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல நேரம் மைக்கில் கோளாறு எதுவும் இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் பொய் இல்லை. தடையில்லாத நேர்ப்பார்வையில், குறுக்கீடு இல்லாத இடத்தில் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் நிபந்தனை போட்டிருப்பார்கள். வெட்டவெளி, டிரான்ஸ்மிட்டரும் (சட்டையில் குத்தும் பகுதி) ரிசீவரும் (போனில் செருகும் பகுதி) ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் ஆள் இல்லை, அக்கம்பக்கத்தில் வைஃபை இல்லை. அப்படி ஓர் இடத்தில் யார் பேட்டி எடுக்கிறார்கள்? தூரத்தையே அளந்துகொண்டிருப்பதால் பிரச்சினை இருக்கும் இடம் கண்ணில் படுவதில்லை. சிக்னல் கெடுவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஐந்து மீட்டரில் அல்ல. மைக்கைச் சுற்றி ஒரு முழம், போனைச் சுற்றி ஒரு முழம், அங்கேதான் காரியம் கெடுகிறது.

முதலில் இந்த மைக்குகள் எந்த அலைவரிசையில் பேசுகின்றன என்று பார்த்துவிடலாம். போனுக்கென்று இன்று விற்கும் மைக்குகள் அநேகமாக எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு நிலம் மாதிரி இது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் இந்த 2.4. மைக்ரோவேவ் அடுப்பு வந்து உட்கார்ந்தது இங்கேதான். 1985-இல் அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி, இதே இடத்தில் உரிமம் இல்லாமல் தகவல்தொடர்புக் கருவிகளையும் இயக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. வைஃபை வந்தது, புளூடூத் வந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமத் தேவை நீக்கப்பட்டது. இப்படி உரிமமில்லாமல் பயன்படுத்துவோருக்கு எல்லா ஊரிலும் ஒரே சட்டம்தான்: அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யாதே, உனக்கு இடைஞ்சல் வந்தால் புகாரும் சொல்லாதே.

சினிமா, டிவி ஒலிப்பதிவாளர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது யுஹெச்எஃப் அலைவரிசை. டிவி சேனல்களுக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தில் அந்த மைக்குகள் ஓடும். அந்த இடமும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 2010-இல் மைக்குகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 600-இன் பெரும்பகுதி 2020 ஜூலையோடு போனது. இரண்டும் செல்போன் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நாட்டுக்கு நாடு விதியும் வேறு. ஒரே மாடலை உலகம் முழுக்க விற்க வேண்டும், வாங்குகிறவர் எந்த அனுமதியும் தேடக் கூடாது என்றால் தயாரிப்பாளருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டால் வேறு வழி குறைவு. ஒலி நன்றாக வரும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த இடம் அல்ல அது, விற்பதற்கு வசதி என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது.

உடம்பு என்னும் சுவர்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். இந்த அலை அதற்குள் நுழைந்தால் வலுவிழந்துவிடும். உடம்பைத் தாண்டி வரும் அலையோ உடம்பைச் சுற்றி வளைந்து வரும் மிச்சசொச்சம்தான். இதனால் சிக்னல் 20 முதல் 30 டெசிபல் (சிக்னலின் வலு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு) வரை குறைவது சாதாரணம்.

அது எவ்வளவு பெரிய அடி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல். அதாவது நடுவில் ஓர் உடம்பு வந்து 20 டெசிபலைத் தின்றுவிட்டால், பெட்டியில் 200 மீட்டர் என்று போட்ட மைக் 20 மீட்டர் மைக் ஆகிவிடுகிறது. 30 டெசிபல் போனால் மிஞ்சுவது சுமார் 6 மீட்டர். இந்தக் கணக்கிலும் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, வைஃபை எதுவும் இல்லை என்றுதான் வைத்துக்கொள்கிறோம். ஐந்து மீட்டரில் கட் ஆவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

போனை வகுப்பறையின் கடைசி பெஞ்சில் ஸ்டாண்டு போட்டு வைத்துப் பாடம் எடுக்கும் ஆசிரியரைப் பாருங்கள். மைக் அவர் மார்பில். மாணவர்களைப் பார்த்துப் பேசும்வரை ஒலி தெளிவாக இருக்கும். கரும்பலகையில் எழுதத் திரும்பியதும் அவருடைய முழு உடம்பும் மைக்குக்கும் போனுக்கும் நடுவில் வந்துவிடும். கணக்கின் முக்கியமான படியை அவர் சொல்லுவதும் எழுதிக்கொண்டே இருக்கும் அந்த நேரத்தில்தான். போனைப் பக்கவாட்டில் மாற்றி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மைக்கை மார்பின் நடுவிலிருந்து எடுத்துத் தோள்பட்டை ஓரமாக, போன் இருக்கும் பக்கத்தில் குத்திவிட்டால் இன்னும் நல்லது. டிரான்ஸ்மிட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதே பையில் ஒரு போனையும் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே வேண்டாம்.

இதில் பலரும் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. மூடிய அறையைவிடத் திறந்தவெளியில் இந்த உடம்புத் தடை அதிகமாகத் தெரியும். அறைக்குள் நேர்வழி அடைபட்டாலும் அலை சுவரில், கூரையில், இரும்பு பீரோவில் பட்டு வேறு வழியாக ரிசீவருக்கு வந்துவிடும். மெரினா மணலில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பேசுகிறவர் கடலைப் பார்த்துத் திரும்பினால் திரும்பியதுதான், சிக்னல் வருவதற்கு வேறு பாதையே கிடையாது. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்த மைக் கடற்கரையில் காலைவாரும் ரகசியம் இதுதான்.

சுவரில் பட்டு வரும் அலைகள் எப்போதும் நண்பர்கள் என்றும் சொல்ல முடியாது. நேராக வந்த அலையும் சுற்றி வந்த அலையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சந்தித்தால் இரண்டும் அழிந்துபோகும். அலை நீளம் 12 சென்டிமீட்டர் என்பதால் ரிசீவரை ஆறேழு சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடலாம். ஓரிடத்தில் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப கட் ஆகிறது என்றால், எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் போன் ஸ்டாண்டை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம் கூட்டம். கல்யாண மண்டபத்தில் காலையில் ஆளில்லாத நேரத்தில் மைக்கைச் சோதித்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. முகூர்த்த நேரத்தில் அங்கே சில நூறு உடம்புகள் இருக்கும், சில நூறு போன்களும் இருக்கும். ஒவ்வொரு போனும் வைஃபை தேடிக்கொண்டும் கைக்கடிகாரத்தோடு புளூடூத்தில் பேசிக்கொண்டும் இருக்கும். மேலே டிரோன் பறந்தால் அதன் ரிமோட்டும் பெரும்பாலும் இதே 2.4-ஐத்தான் நாடும். கூட்டம் வந்தபின் போன் ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேலே தூக்கி வைப்பதுதான் செலவில்லாத வைத்தியம்.

போன் தானே கொடுக்கும் தொல்லை

இனி மறுமுனைக்கு வருவோம். கேமராவில் ரிசீவரை மேலே ஷூ எனும் மாட்டியில் பொருத்துவார்கள், கேமரா பெரும்பாலும் வெறும் பெட்டி, ரேடியோ சத்தமில்லாமல் இருக்கும். போனில் அதே ரிசீவர் சார்ஜிங் துளையில் நேராகச் செருகப்படுகிறது. மூன்று நான்கு ரேடியோக்களை ஒரே நேரத்தில் இயக்கும் ஒரு கருவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஐந்து மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய சிக்னலை அது கேட்க வேண்டியிருக்கிறது.

வைஃபையும் புளூடூத்தும் இதே அலைவரிசை என்பது பலருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 4ஜி. இந்தியாவில் 4ஜி சேவைக்குப் பயன்படும் பட்டைகளில் ஒன்று 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. அது முடியும் இடத்தில் மைக்கின் அலைவரிசை தொடங்குகிறது, நடுவில் வேலியே இல்லை. இந்த அக்கம்பக்கச் சண்டை செல்போன் பொறியாளர்களுக்குப் பழைய தலைவலி. ஒரே போனுக்குள் இருக்கும் 4ஜியும் வைஃபையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கத் தனி ஏற்பாடுகளே செய்திருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்து செருகப்படும் மைக் ரிசீவருக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. போன் எப்போது அனுப்பப் போகிறது என்று அதற்குத் தெரியாது. கிராமத்தில், டவர் தூரமாக இருக்கும் இடத்தில், போன் முழு பலத்தோடு கத்தும். வைஃபை வாடையே இல்லாத தோட்டத்தில் கூட மைக் கட் ஆகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் ஏர்பிளேன் மோடைப் போட்டுப் பார்க்கலாம். சில போன்களில் ஏர்பிளேன் மோடு போட்டாலும் வைஃபையும் புளூடூத்தும் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றைத் தனியாக அணைக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் போட்டே ஆகவேண்டும் என்றால் அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை புதுசு. 2023-இல் வந்த ஐபோன் 15 புரோ முதல், வீடியோவை நேராக எஸ்எஸ்டி எனும் வெளிச் சேமிப்புக் கருவியில் பதிவு செய்யும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒரே துளைதான் இருக்கிறது என்பதால் ஒரு துளையைப் பல துளையாக்கும் யுஎஸ்பி ஹப் வாங்கி, அதில் எஸ்எஸ்டியையும் மைக் ரிசீவரையும் அடுத்தடுத்துச் செருகுகிறார்கள். யுஎஸ்பி 3 வேகத்தில் தரவு ஓடும்போது அந்த ஒயரும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கம்பியில்லா மவுஸ்கூட யுஎஸ்பி 3 கருவியின் பக்கத்தில் திணறும் என்பது அதில் தெரிந்த விஷயம். மைக் மட்டும் தப்பிக்குமா? ஹப்பிலிருந்து ரிசீவரை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஒரு முழம் தள்ளி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். ரிசீவர் அனுப்பும் ஒலிக்கு யுஎஸ்பி 2 வேகமே தாராளம் என்பதால் பழைய, மலிவான ஒயர் போதும்.

சமையல் சேனல் நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது பேசாதீர்கள். பழைய டிரான்ஸ்பார்மர் வகை அடுப்பு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து ஒவ்வொரு 20 மில்லிசெகண்டிலும் ஏறக்குறைய பாதி நேரம் இந்த அலைவரிசையில் இரையும்.

ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதில்லை?

பழைய அனலாக் மைக்கில் சிக்னல் குறைந்தால் முதலில் 'உஸ்' சத்தம் வரும், பிறகு கரகரக்கும். ஹெட்போன் போட்டிருக்கும் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தி "ஒரு நிமிஷம்" என்று சொல்ல அவகாசம் இருந்தது. டிஜிட்டல் மைக் எச்சரிப்பதில்லை. ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி அனுப்புகிறது. பொட்டலம் முழுதாக வந்தால் ஸ்டூடியோ தரம், வராவிட்டால் மௌனம். ஒன்றிரண்டு பொட்டலம் தொலைந்தால் முன்னே பின்னே இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடும். தொடர்ச்சியாகத் தொலைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே என்று தோன்றும். பாட்டுக் கேட்கும் புளூடூத் ஹெட்போன் அதைத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஒலியைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்த வேண்டும். அது நூறு இருநூறு மில்லிசெகண்ட் வரை போகலாம். பாட்டுக்கு அது பரவாயில்லை. முகம் தெரியும் வீடியோவில் உதடும் குரலும் விலகிவிடும் என்பதால் மைக்குகள் மிகக் குறைந்த தாமதத்தில் இயங்க வேண்டியிருக்கிறது. திரும்ப அனுப்ப நேரமே மிச்சமில்லை. புளூடூத் இயர்போனின் மைக்கையே பயன்படுத்தினால் வேறொரு சிக்கல். அழைப்புக்கான பழைய முறையில் அது ஒலியை நொடிக்கு 16,000 முறை வரைதான் அளந்து எடுக்கும். வீடியோவுக்கான வழக்கம் 48,000. போன் பேசுவது போலவே கேட்கும்.

கட் ஆவதெல்லாம் சிக்னல் கட் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் அந்த இடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அலைவடிவம் கத்தியால் வெட்டியது போலச் சட்டென்று அறவே இல்லாமல் போயிருந்தால் ரேடியோவைச் சந்தேகிக்கலாம். பின்னணிச் சத்தத்தோடு சேர்ந்து மெல்ல அமுங்கி, பேச்சு வந்ததும் மெல்ல எழுந்தால் அது மைக்கிலோ போனிலோ உள்ள இரைச்சல் குறைப்பு வசதியின் வேலை. தணிந்த குரலில் பேசும் பெரியவர்களின் வாக்கியக் கடைசியை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். நம்முடைய வினைமுற்று இருப்பதே வாக்கியக் கடைசியில்தான், எனவே "போனேன்" என்றாரா "போகவில்லை" என்றாரா என்பதே தெரியாமல் போகும். அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது. சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று வந்தால் ஆப் ஒரு வேகத்திலும் மைக் இன்னொரு வேகத்திலும், அதாவது 44.1-க்கும் 48 கிலோஹெர்ட்ஸுக்கும் (ஒலியை நொடிக்கு 44,100 முறை, 48,000 முறை அளப்பது) நடுவே, முரண்டு பிடிக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இரண்டு பேர் மைக் போட்டிருந்து இரண்டும் ஒரே நொடியில் போனால் கோளாறு போன் பக்கம். ஒன்று மட்டும் போனால் அந்த ஆளின் பக்கம்.

போன் பக்கக் கோளாறில் பாதி ரேடியோவே அல்ல. தடிமனான கவர் போட்ட போனில் யுஎஸ்பி-சி முனை முழுதாக உள்ளே போயிருக்காது, கிம்பலில் (ஆட்டத்தைத் தாங்கும் கைப்பிடி) பிடித்து நடக்கும்போது ஆடும். தொடர்பு அறுந்த நொடியில் போன் தன்னுடைய சொந்த மைக்குக்குத் தாவிவிடும், அப்போது குரல் மறையாது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தூரமாகிவிடும். ஆண்ட்ராய்டில் அழைப்பு வந்து பேச ஆரம்பித்தால் பதிவு செய்யும் ஆப்புக்கு ஒலிக்குப் பதில் மௌனம்தான் போகும். ஏர்பிளேன் மோடு போட இதுவும் ஒரு காரணம். சில போன்களின் சொந்த கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்வதே இல்லை. பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்பில் எந்த மைக் ஓடுகிறது என்று தேர்ந்தெடுக்கலாம், ஒலி அளவும் திரையில் துள்ளுவது தெரியும்.

இவ்வளவு செய்தாலும் புறம்போக்கு புறம்போக்குதான், எந்த நொடியிலும் யாராவது வந்து குந்தலாம். அதனால் என் கணக்கில், மைக் வாங்கும்போது பார்க்க வேண்டியது மீட்டர் எண் அல்ல, டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி இருக்கிறதா என்பதுதான். வாயருகில் இருக்கும் கருவியே ஒரு பிரதியைச் சேமித்துக்கொண்டால் காற்றில் என்ன தொலைந்தாலும் கவலையில்லை. 2021-இல் வந்த வயர்லெஸ் கோ 2-இல் இந்த வசதி உண்டு, டிஜேஐ மைக் 2-இலும் உண்டு. அதே கம்பெனியின் சின்னத் தம்பியான டிஜேஐ மைக் மினியில் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்குகளிலும் எதிர்பார்க்க முடியாது. கடைக்காரர் "சேஃப்டி டிராக் இருக்கு சார்" என்றால் ஏமாந்துவிடாதீர்கள். அது கத்திப் பேசும்போது ஒலி உடைந்துவிடாமல் இருக்கக் குறைந்த அளவில் எடுக்கும் இன்னொரு பிரதி. போனில் பதிவாகும்போது அதுவும் அதே காற்று வழியாகத்தான் வந்தாக வேண்டும், ஒன்று தொலைந்தால் இரண்டும் தொலையும்.

உள்பதிவு அதிக இடமும் பிடிக்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை ஒலி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. 8 ஜிபி நினைவகத்தில் ஒரு கல்யாணமே அடங்கும். தொடக்கத்தில் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டிவிட்டால் பிறகு வீடியோவோடு பொருத்துவது எளிது. நீளமான பதிவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மைக்கின் கடிகாரமும் போனின் கடிகாரமும் தனித்தனி. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகும், 25 ஃபிரேம் வீடியோவில் அது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். முழுப் பதிவையும் மாற்றுவதைவிட, சொல் தொலைந்த இடங்களை மட்டும் உள்பதிவிலிருந்து எடுத்து ஒட்டுவது மேல். பல டிரான்ஸ்மிட்டர்களில் இந்தப் பதிவு தானாகத் தொடங்காது, அமைப்புகளில் போய் ஒருமுறை இயக்கிவிட வேண்டும். வாங்கி ஒரு வருஷமாகியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பயன்படுத்துகிறவர்கள் நிறைய.

நேரலைக்கு மட்டும் இந்தக் காப்பீடு உதவாது. தொலைந்த சொல் பார்க்கிறவர் காதிலும் அந்த நொடியே தொலைந்துவிட்டது. இணையத்துக்காகப் போனின் ரேடியோவையும் அணைக்க முடியாது. ஆள் நடமாட வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசப் போகிறார் என்றால் ஒயர் மைக்கையே மாட்டிவிடுங்கள். பல யூடியூபர்கள் தொடக்கத்தில் வாங்கும் போயா பிஒய்-எம்1-க்கு ஆறு மீட்டர் ஒயர் இருக்கிறது, கம்பியில்லா மைக்கின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் அதற்கேற்ற அடாப்டர் ஒன்று கூடவே வேண்டும். மைக்கின் சின்னப் பெட்டியில் உள்ள சுவிட்சை கேமராவிலிருந்து ஸ்மார்ட்போன் பக்கம் தள்ளவும் மறக்க வேண்டாம்.